இழக்கத் தெரிந்த சுற்று



இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளை யார் பெயரில் அமைந்ததோ அவர் நுண்ணலைப் பாடம் நடத்தியவர். அதனால் பேச்சை, நுண்ணலை பிறப்பிக்கும் குறைக்கடத்திக் கருவியான இம்பாட் டையோடிலேயே தொடங்குகிறேன். 1958-இல் பெல் ஆய்வகத்தின் வில்லியம் ரீட் அதைத் தாளில் முன்மொழிந்தார். 1965-இல் அது உண்மையிலேயே அலைவு தந்தது. ஆனால் தனி டையோடு தரும் திறன் சொற்பம். சந்திப்பின் பரப்பைக் கூட்டினால் மின்தேக்குத்திறன் ஏறி மின்மறுப்பு சரிந்துவிடும். சுற்றோடு பொருத்த முடியாது. நடுவில் பிறக்கும் வெப்பமும் வெளியேறாது. ஆகவே சிறியவை பலவற்றைச் சேர்க்க வேண்டும்.

இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொண்டு போகலாமே என்பீர்கள். அடுக்குக்கு 0.3 டெசிபெல் இழப்பு என்று வையுங்கள். 16 டையோடுகளுக்கு நான்கு அடுக்கு, 1.2 டெசிபெல், ஏறத்தாழக் கால் பங்குத் திறன் வெறும் சூடாகப் போகிறது. எல்லாவற்றையும் ஒரே ஒத்ததிர்வு அறையில் வைத்தால் அந்த நட்டம் இல்லை. வேறொரு வம்பு வருகிறது. பாதி டையோடுகள் ஒரு கட்டத்திலும் மீதி எதிர்க் கட்டத்திலும் அலையத் தொடங்கலாம். தேர்வடத்தை இரு பக்கமும் இழுத்தால் வடம் விறைக்குமே தவிரத் தேர் நகராது. அப்படித்தான், திறன் டையோடுகளுக்குள்ளேயே சுற்றிவரும். பளுவுக்கு ஒன்றும் கிடைக்காது. டையோடுகள் கூடக் கூட இத்தகைய வேண்டாத அலைவு முறைகளும் பெருகும்.

1971-இல் குரோகாவாவும் மகல்யாயிஸும் இந்த வம்பை அடக்கி, 12 இம்பாட் டையோடுகளிலிருந்து எக்ஸ் பட்டையில் 10 வாட் எடுத்தார்கள். செவ்வக அலைவழியின் பக்கச் சுவர்களையொட்டிக் கோஆக்சியல் வடங்கள். ஒவ்வொன்றின் ஒரு முனையில் டையோடு, மறுமுனையில் உறிஞ்சி. திறனைச் சேர்க்க வந்தவர்கள் திறனை விழுங்கும் பொருளை ஏன் வைத்தார்கள்? வேண்டிய அலைவில் அறை ஒத்ததிர்ந்து, வடத்தோடு தொடராகப் பெரிய மின்தடை போல நிற்கும். உறிஞ்சிக்குச் சிறு பங்குதான். பெரும்பங்கு பளுவைச் சேரும். மற்ற அலைவுகள் அறையைத் தொடுவதில்லை. அவற்றுக்கு எதிரே உறிஞ்சி மட்டுமே. இழப்பு மிஞ்சி, அவை பிறக்கும்போதே அடங்கும்.

10 வாட்டைத்தான் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். என் கணக்கில் உறிஞ்சிதான் பெரிய கண்டுபிடிப்பு.

பிறகு ஹார்ப்பும் ஸ்டோவரும் 1973-இல் உருளை அறைக்கு மாறினார்கள். 1986-இல் மிங்க் திறந்த வெளியிலேயே கற்றைகளைச் சேர்க்கும் வழியை ஆராய்ந்தார். 1991-இல் போப்போவிச், ரட்லெஜ் குழுவினர் 100 டிரான்சிஸ்டர்களை ஒரே வலையில் அலையவைத்தார்கள். இன்று பெருந்திறன் வேலை பெரும்பாலும் கேலியம் நைட்ரைடு பெருக்கிகளின் கையில். அங்கும் இணைப்பான்களில் ஒரு மின்தடை காவலுக்கு இருக்கிறது.

மாணவர்களே, அடுத்த முறை, திறனைப் பிரிக்கவும் சேர்க்கவும் உதவும் வில்கின்சன் பிரிப்பான் செய்யும்போது அந்த மின்தடையைக் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள். ஒரு கிளை வாயிலில் கொடுத்த திறனில் கால் பங்கு மறு கிளையில் தலைகாட்டும்.