வாடகை வரும் என்று வாங்கிய வீடு

முதலீடு பற்றிப் பேச இந்த மேடையில் நிபுணர்கள் இருக்கிறார்கள். நான் அடிபட்டவள் என்ற தகுதியில் பேசுகிறேன்.

கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீடு வாங்கினேன். வங்கித் தவணை 1,050 வெள்ளி, வாடகை 1,200 வெள்ளி. மாதம் 150 வெள்ளி லாபம் என்று கணக்குப் போட்டேன். பராமரிப்புக் கட்டணம் 140 வெள்ளி போக, மிஞ்சியது பத்து வெள்ளி!

முதல் வருடம் வாடகை ஒழுங்காக வந்தது. பிறகு "அடுத்த வாரம்க்கா" என்று தொடங்கி நான்கு மாதம் நின்றுபோனது. இரண்டு மாத முன்பணம் கரைந்தது. மின்சாரக் கணக்கு என் பெயரில். அந்தப் பாக்கியும் என் தலையில்.

"பூட்டை மாற்றிவிடும்மா" என்றார் அப்பா. நல்லவேளை, வழக்கறிஞர் ஒருவர் தடுத்தார். ஒப்பந்தம் முடிந்தும் வெளியேறாதவரைக்கூட நீதிமன்ற உத்தரவின்றி வெளியேற்ற முடியாது. 1950-ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பாக்கி வாடகைக்கு 1951-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. நீதிமன்ற ஆணை பெற்று, 12 மாதப் பாக்கிவரை வீட்டுப் பொருள்களை ஏலம் விட்டு வசூலிக்கலாம். அந்த வீட்டில் இருந்ததோ ஒரு மெத்தையும் பிள்ளைகளின் இரண்டு சைக்கிளும்தான். எதை ஏலம் விடுவது? அதோடு, என் ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வையே கட்டவில்லை. கட்டாவிட்டால் நீதிமன்றம் அதைச் சான்றாக ஏற்காது.

கடைசியில் பேசித்தான் முடித்தோம். பாக்கியை விட்டுக்கொடுத்தேன், சாவியைக் கொடுத்தார்கள். அடுத்து வந்தவரிடம் முதலில் மின்சாரக் கணக்கை அவர் பெயருக்கு மாற்றச் சொன்னேன், சாவி பிறகுதான்.