கண்காணியின் இலக்கணம்

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திருச்சபைத் தலைமைக்குரிய நற்குணத்தையும் நல்லுபதேசத்தையும் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். கல்விச் சங்கத்தின் விழாவில் சபைத் தலைமையைப்பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். நம் சிற்றூர்கள் பலவற்றில் முதற்பள்ளி ஆலயத்தின் தாழ்வாரத்திலேதான் தோன்றிற்று. நம் பிள்ளைகளுக்கு அகரம் எழுதிக் கொடுத்த முதல் ஆசிரியரும் உபதேசியாரே. ஆகவே உபதேசியார் எப்படிப்பட்டவரோ, நம் கல்வியும் அப்படிப்பட்டதாயிற்று.

பவுல் அப்போஸ்தலன் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில், சபைத் தலைவனுக்குத் தமிழ் வேதாகமம் இட்டிருக்கும் பெயர் 'கண்காணி' என்பதாகும். நம் மக்களுக்கு இது கசப்பான சொல். இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து நம் முன்னோரை இலங்கைத் தோட்டங்களுக்கு அழைத்துச் சென்றவன் கண்காணி. முன்பணம் கொடுத்தவன் அவன். அதனைக் கடனாக எழுதிக்கொண்டவன் அவன். தன்கீழ் எத்தனைபேர் வேலைக்கு வந்தார்கள் என்று எண்ணித் தலைக்கு இவ்வளவு என்று காசு பெற்றவனும் அவனே. வேதாகமம் கூறும் கண்காணியோ, மந்தை தவறிப்போகாதபடி விழித்திருந்து காப்பவன். சொல் ஒன்றே, குணம்தான் இருவேறு. ஒருவன் பிறருடைய முதுகை எண்ணிப் பிழைக்கிறான். மற்றவன் பிறருடைய உயிருக்குக் கணக்கு ஒப்புவிக்கிறான். நம் சபைகளில் தலைமை ஏற்போர் இவ்விரண்டில் எந்தக் கண்காணி என்பதே இன்று நாம் கேட்கவேண்டிய கேள்வி.

அந்த அதிகாரம் தரும் பட்டியலைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். தெளிந்த புத்தி, தன்னடக்கம், விருந்தோம்பல், குடிவெறியின்மை, பொருளாசையின்மை, சண்டை நாடாமை, தன் வீட்டை நன்றாக நடத்துதல், வெளியாரிடத்திலும் நற்பெயர் ஆகியவை அதில் காணப்படுகின்றன. இவற்றுள் திறமை என்று சொல்லத்தக்கது போதிக்கும் ஆற்றல் ஒன்றே. மற்றவை ஏறத்தாழ எல்லாம் குணங்கள். அந்தப் பட்டியலில் இல்லாதவற்றையும் கவனியுங்கள். பிறப்பு இல்லை, நிலபுலம் இல்லை, எந்தத் தெருவில் குடியிருக்கிறான் என்ற விசாரணை இல்லை. அப்போஸ்தலன் கேட்காத கேள்வியை நம் நாட்டுச் சபை கேட்டது. அதனால் விளைந்த தீங்கு இன்றும் தீரவில்லை.

வரலாற்றிலிருந்து ஒரு சான்று கூறுகிறேன். பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை அரசரின் படையில் போர்வீரராய் இருந்தவர் இராஜநாயக்கன். பறையர் குலத்திலே பிறந்தவர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ச் சுவிசேஷங்களைத் தாமே வாசித்து உள்ளம் மாறியவர். உபதேசியாராகித் தஞ்சைச் சீமையில் சபைகளை எழுப்பினார். எதிர்ப்புகளைப் பொறுமையோடு தாங்கினார். 1733-ஆம் ஆண்டு ஆரோன் குருப்பட்டம் பெற்றார். இந்தியரில் சீர்திருத்தச் சபைக் குருப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. 1741-இல் இரண்டாவது குருவைத் தெரிந்தெடுக்கும் வேளை வந்தது. இராஜநாயக்கனின் பெயரும் ஆலோசிக்கப்பட்டது. அவர் குணத்திலே குற்றம் கண்டார் இல்லை; உபதேசத்திலே பிழை கண்டாரும் இல்லை. ஆயினும், அவர் கையால் திருவிருந்து வாங்க மேற்குலத்துக் கிறிஸ்தவர்கள் இணங்கமாட்டார்கள் என்று அஞ்சி, தியோகு என்பவருக்குப் பட்டம் அளித்தனர். இராஜநாயக்கன் மனம் கசந்து பணியை விட்டாரில்லை. வாழ்நாள் முழுதும் உபதேசியாராகவே உழைத்தார்.

அன்று தோற்றவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். பட்டம் பெறாத இராஜநாயக்கன் தோற்கவில்லை. அப்போஸ்தலனுடைய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே ஊராரின் பட்டியலுக்குப் பணிந்தவர்களே தோற்றார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர்; வேதத்தை அறிந்தவர்கள். ஆனால் அறிந்ததைச் செய்யும் துணிவு அந்த வேளையில் அவர்களிடம் இல்லை. போதனை சரியாயிருந்தும் குணம் தளர்ந்தால், போதனையும் பொய்யாகிவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1833-இல் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே கூடாதென்று சுற்றறிக்கை விடுத்தார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையை விட்டே வெளியேறினர். எண்ணிக்கை குறைந்தது. எண்ணிக்கையைக் கண்டு அஞ்சுகிறவன் அந்தச் சுற்றறிக்கையை எழுதியிருக்கமாட்டான். எனினும், சுற்றறிக்கையால் மட்டும் இருதயம் மாறிவிடுவதில்லை என்பதையும் பின்வந்த ஆண்டுகள் காட்டின.

நம் வட்டாரத்துக்கு வருவோம். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் உயர்ந்த தேர்ச்சி பெற்று, அங்கே கல்லூரியில் பதவியும் பெற்றிருந்தவர் தாமஸ் ராக்லண்டு. சென்னையில் மிஷன் சங்கத்தின் செயலாளராய் இருந்த அவர், 1854 முதல் இந்தக் கரிசல் காட்டில் கூடாரம் அடித்து ஊர்ஊராய்ச் சென்றார். அவர் காலத்தில் பெருங்கூட்டம் சேரவில்லை. 1858 அக்டோபரில் சிவகாசியிலே உயிர்நீத்தார். பெயரிலேயே சாட்சியைத் தாங்கிய சாட்சியாபுரமும், அதைச் சுற்றியெழுந்த பள்ளிகளும் அந்த வித்திலிருந்து முளைத்தவையே. தம் கண்ணால் அறுவடையைக் காணாத ஒருவர் விதைத்ததை நாம் உண்கிறோம்.

வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் அசரியா, 1912 டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாவில் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். இங்கிலாந்துத் திருச்சபையில் அத்தியட்சரான முதல் இந்தியர் அவர். தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் என்னும் சிற்றூரில் தங்கி, மாலர், மாதிகர் என்னும் ஒடுக்கப்பட்ட மக்களிடையே 1945 வரை உழைத்தார். மாட்டுவண்டியிலும் மிதிவண்டியிலும் ஊர்களைச் சுற்றினார். அசுத்தம், நோய், கடன், குடி என்னும் நான்கையும் அந்த மக்களின் பகைவர்கள் எனக் கண்டு எதிர்த்தார். ஆன்ம போதனை வேறு, கடன் வேறு என்று அவர் பிரிக்கவில்லை. ஞானஸ்நானம் பெற்ற ஏழைக் கூலியாளும் சுவிசேஷத்தைச் சொல்லக் கடமைப்பட்டவன் என்று கற்பித்தார். தாழ்ந்தவன் என்று ஊர் ஒதுக்கியவனின் கையில் பொறுப்பைக் கொடுத்ததே அவர் செய்த பெரும்பணி. பொறுப்பைப் பெற்றவன் நிமிர்ந்து நிற்கிறான்.

இனி நல்லுபதேசம் என்பது யாது? தீத்துவுக்கு எழுதிய நிருபம் 'ஆரோக்கியமான உபதேசம்' என்று அதனைக் குறிக்கிறது. கேட்டவனை நலமாக்குவதே ஆரோக்கியமான உபதேசம். கேட்டவனை நோயாளியாக்குவது எதுவாயினும் அது கர்த்தருடைய போதனையன்று.

நம் தொழிலிலிருந்தே ஒரு உவமை சொல்லுகிறேன். பட்டாசுத் தொழிற்சாலையில் மருந்து கலக்கும் அறைக்குப் பொறுப்பான போர்மேனுக்கு இரண்டு தகுதி வேண்டும். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி இவற்றின் அளவையும், எது எதனோடு உரசக் கூடாது என்பதையும் அவன் அறிந்திருக்கவேண்டும். நல்லவனாயிருந்து இது தெரியாவிட்டால் அவனை நம்பிய அனைவரும் அழிவர். அதேவேளை, அறைக்கு நால்வருக்குமேல் கூடாது என்ற விதியை அறிந்திருந்தும், தீபாவளிச் சரக்கு முடியவேண்டும் என்ற ஆசையால் பதின்மரை உள்ளே அமர்த்துகிறவனும் அவர்களை அழிக்கிறான். முன்னவனிடம் உபதேசம் இல்லை. பின்னவனிடம் குணம் இல்லை. சபையும் இப்படியே. இரண்டில் ஒன்று போதும் என்று எண்ணாதீர்கள்.

2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தில் ஏறத்தாழ நாற்பது உயிர்கள் மாண்டதை நாம் மறக்க முடியாது. இத்தகைய நாளிலேதான் போதகரின் உபதேசம் சோதிக்கப்படுகிறது. இழவு வீட்டில் நின்று, இது நீங்கள் செய்த பாவத்தின் பலன் என்கிறவன் யார்? எல்லாம் தேவசித்தம், பேசாமலிருங்கள் என்று முதலாளியின் சார்பில் சமாதானம் பேசுகிறவன் யார்? சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளோ என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே விடையளித்ததை லூக்காவின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் காண்கிறோம். எஞ்சியிருப்போர் மனந்திரும்பவேண்டும் என்றார் அவர். மனந்திரும்புதல் என்பது அழுகையோடு முடிவதன்று. விதியை மீறிய அறையை மூடச் செய்வதும், விதவைக்குரிய இழப்பீட்டைப் பெற்றுத் தருவதும், மாண்டவனின் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தாமற் காப்பதும் மனந்திரும்புதலின் கனிகளே.

இளைஞர்களே, நாளை சேகரக் கமிட்டியிலும் இச்சங்கத்திலும் பொறுப்பேற்கப் போகிறவர்கள் நீங்கள். தேர்தலுக்குப் பணம் கொடுத்து வந்தவன் அந்தப் பணத்தை எங்கிருந்து மீட்பான் என்று கேளுங்கள். சாதியின் பெயரால் நம்மை ஒதுக்கியதை எதிர்க்கும் நாம், நம் உட்பிரிவின் பெயரால் வாக்குக் கேட்பதும் அதே பாவம் என்று அறியுங்கள். கணக்குப் புத்தகத்தை எவரும் கேளாமலே திறந்து காட்டுங்கள். தீப்பெட்டி ஒட்டிக் குரோசு கணக்கில் கூலி வாங்கிய தாய், அதிலிருந்து எடுத்துக் கொடுத்த சந்தா அது. அவள் படிக்காதவள், ஆனால் ஒரு காசு எங்கே போயிற்று என்பது அவளுக்குத் தெரியும். வேதத்தை மட்டுமன்றிச் சட்டத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையால் கிறிஸ்தவரான நம் மக்கள் பட்டியலினச் சலுகைக்குப் புறம்பாயினர். ஆலயத்திலும் சமத்துவமின்றி, அரசிடமும் உரிமையின்றி நிற்கும் ஒருவனுக்கு வழி சொல்ல அறியாதவன் அவனுக்கு மேய்ப்பனாக முடியாது.

நம்மிடையே பிறந்த ஓர் இராஜநாயக்கனுக்குக் கதவு அடைக்கப்பட்டது. அந்தக் கதவைத் திறக்கக் கேட்பது நம் உரிமை. திறந்த பின், அதன்வழியே நுழைகிறவன் இராஜநாயக்கனைப் போன்றவனாய் இருக்கும்படி பார்த்துக்கொள்வது நம் கடமை. உரிமையை வென்று கடமையைத் தவறவிட்டால், பழைய கண்காணி நம் தெருவிலிருந்தே புறப்பட்டு வருவான்.

இருபத்தைந்து ஆண்டு கண்ட இச்சங்கம், வரும் தலைமுறைக்கு நல்ல கண்காணிகளைத் தரும் பயிற்சிக்களமாக விளங்கக் கர்த்தர் கிருபை செய்வாராக.