சமையலறையில் வந்த சமாதானம்

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'விசுவாசமும் மன அமைதியும்' என்று தலைப்பைச் சொன்னதும் பின்வரிசையில் சிலர் சிரித்தீர்கள். சிரிக்க நியாயம் இருக்கு. நமக்கு அமைதியைப் போதித்தவங்க யாரு? அடிபட்டவனிடம் பொறுத்துக்கொள் என்றவர்கள். அடித்தவனிடம் வாயே திறக்காதவர்கள். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கை கூப்புகிறோம். வெளியே கல்லறைத் தோட்டத்தில் குறுக்குச் சுவர் வைத்து, செத்தவனையும் சாதி பார்த்துப் புதைத்த ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. 1950 குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியை இந்து மதத்தோடு கட்டிப்போட்டது. 1956ல் சீக்கியருக்கும் 1990ல் பௌத்தருக்கும் திறந்த அந்தக் கதவு கிறித்தவ தலித்துக்குத் திறக்கவில்லை. கோயிலுக்குள்ளே சேரிக்காரன், சர்க்கார் ஆபீசில் வெறும் கிறித்தவன். இவனிடம் போய் அமைதி பேசுவது அயோக்கியத்தனம்.

நான் பேச வந்தது வேறொரு அமைதி. அதுக்கு அமெரிக்கா வரை போகணும்.

அலபாமா மாநிலம், மாண்ட்கமரி. 1955 டிசம்பர் 1ந் தேதி ரோசா பார்க்ஸ் என்ற தையல்காரப் பெண் பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்துக் கைதானார். 5ந் தேதியிலிருந்து கருப்பின மக்கள் பஸ்ஸைப் புறக்கணித்தார்கள். அதுக்குத் தலைமை ஏற்ற மார்ட்டின் லூதர் கிங்குக்கு வயசு இருபத்தாறு. ஊருக்குப் புதுசு, கையில் பச்சைக் குழந்தை. மிரட்டல் கடிதம், போன் என்று வந்துகொண்டே இருந்தது. 1956 ஜனவரி 27 நடுராத்திரி இன்னொரு போன். ஊரைவிட்டுப் போகாவிட்டால் வீட்டோடு வெடி வைப்போம் என்றது அந்தக் குரல். மனுசனுக்குத் தூக்கம் போய்விட்டது. சமையலறைக்குப் போய்க் காப்பி போட்டார், குடிக்க முடியவில்லை. கோழையாகத் தெரியாமல் எப்படி விலகுவது என்று யோசித்ததாக அவரே பிறகு எழுதினார்.

அப்புறம் மேசையில் தலை கவிழ்ந்து சத்தமாக ஜெபித்தார். வீர வசனம் எதுவும் இல்லை. பயமாயிருக்கு, பலமில்லை, தனியாக இதைச் சுமக்க முடியவில்லை என்பதுதான் அந்த ஜெபம். நியாயத்துக்காக நில், நான் உன்னோடு இருக்கிறேன் என்று உள்ளே ஒரு குரல் கேட்டதாகச் சொன்னார். பயம் இறங்கியது.

நான் கவனிப்பது அந்த வரிசையை. முதலில் பயத்தை வாய்விட்டுச் சொல்கிறார், பிறகுதான் அமைதி வருகிறது. நம்ம கூட்டங்களில் வழக்கு, சிறை, ஊர்விலக்கம் எல்லாம் பேசுகிறோம். ராத்திரி தூக்கம் வராததை மட்டும் யாரும் பேசுவதில்லை. பேசினால் தோழர் தளர்ந்துட்டார் என்கிறோம். எத்தனையோ நல்ல பிள்ளைகள் அப்படித்தான் சத்தமில்லாமல் ஒதுங்கிப்போனார்கள். சாமி கும்பிடாத தோழர்கள் ஜெபிக்க வேண்டாம். யாரிடமாவது சொல்லுங்க.

மூன்று நாள் கழித்து, ஜனவரி 30, கிங் வீட்டு முன்திண்ணையில் குண்டு வெடித்தது. மனைவியும் குழந்தையும் உள்ளே இருந்தார்கள், தப்பினார்கள். ஆயுதத்தோடு திரண்ட தம் மக்களைத் திரும்பிப் போகச் சொன்னார். அதற்குப் பின்னால் துப்பாக்கி லைசென்சுக்கும் மனுப் போட்டார், கிடைக்கவில்லை. சாமியார்கள் இதைச் சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன். அமைதி வந்தவருக்கும் குடும்பத்தைப் பற்றிய கவலை இருந்தது.

ஆனா அந்த அமைதி அவரை வீட்டில் உட்கார வைக்கவில்லை. 381 நாள் மக்கள் நடந்தார்கள். கோர்ட்டுக்கும் போனார்கள். 1956 டிசம்பர் 21 காலை கிங் பஸ்ஸில் ஏறி முன்வரிசையில் உட்கார்ந்தார். 1963ல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதியபோது, சச்சரவு இல்லாததையே சமாதானம் என்று நினைத்த வெள்ளைப் போதகர்களைத்தான் கேள்வி கேட்டார்.

1957 ஜனவரி 27. அந்தச் சமையலறை ராத்திரிக்குச் சரியாக ஒரு வருசம். அவர் வீட்டுத் திண்ணையில் மறுபடியும் டைனமைட் கிடந்தது. பன்னிரண்டு குச்சி. திரி புகைந்தது, வெடிக்கவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. கிங் பிரசங்கத்துக்குப் போனார்.