ஆற்றைக் கற்பிக்காத கல்வி
(ஊர்ப்புறக் கல்வி, இயற்கைக் காப்பு குறித்து ஆம்பூரில் ஆற்றிய உரை)

   

ஊர்ப்புறப் பிள்ளைகளுக்கு நிலத்தையும் நீரையும் கற்பிக்க ஓர் அறக்கட்டளை வேண்டுமா என்று சிலர் வினவுகின்றனர். விடை நம் காலடியிலேயே கிடக்கின்றது. அதன் பெயர் பாலாறு.

ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் ஆறு இது. ஆயினும் மணலுக்கடியில் நீர் ஓடிற்று. நம் முன்னோர் மணலை அகழ்ந்து, ஊற்றுக்கால் அமைத்து வயல் விளைத்தனர். அன்றும் இங்குத் தோல் பதனிட்டனர். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பதப்பொருள்கள். 1970களில் அரைப்பதத் தோலை அயல்நாட்டிற்கு விற்பதை நடுவணரசு கட்டுப்படுத்தியது. முழுப்பதத் தோலுக்குக் குரோமிய உப்பு பெருகிற்று. கழிவுநீர் ஓடையில் இறங்கி, ஓடைவழி கிணற்றில் ஏறிற்று.

அப்போது எழுந்தது யார்? வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை என்னும் தொண்டமைப்பு! 1991இல் அது உச்ச நயன்மன்றத்தில் வழக்கிட்டது. 1996இல் தீர்ப்பு வந்தது. ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாமற் போனதை அத்தீர்ப்பு பதிவு செய்தது. ஒரு கிலோ தோலுக்கு 35 இலிட்டர் நீர் செலவாவதையும் குறித்தது. மாசு செய்தவனே ஈடு செய்க என்னும் நெறி நாட்டுச் சட்டத்தின் பகுதியே என உரைத்தது. நம் மண்ணின் துயரன்றோ இந்நாடு முழுமைக்கும் அந்நெறியை வலியுறுத்தியது!

ஆயினும் என்ன கண்டோம்? 2025 சனவரியில் அதே நயன்மன்றம் மீண்டும் பாலாற்றைப் பற்றித் தீர்ப்புரைக்க நேர்ந்தது. எஞ்சிய இழப்பீட்டைக் கொடுக்கவும், ஆற்றை மீட்கக் குழு அமைக்கவும் ஆணையிட்டது. முதற்றீர்ப்பின்போது பிறந்த குழந்தை இன்று தானே ஒரு பிள்ளைக்குத் தாய். நயன்மன்றம் இழப்பீடு வாங்கித் தரலாம். வற்றிய ஊற்றை வாங்கித் தர இயலுமா?

தோல்தொழிலை மூடுக என்று நான் கூறவில்லை. விடியலில் காலணித் தொழிற்சாலைக்கு விரையும் நம் பெண்களின் உலையில் நீர் ஊற்றும் எண்ணம் எனக்கில்லை. அவ்வுலைக்கு நல்ல நீர் வேண்டுமென்றே கேட்கின்றேன்.

என் வகுப்பில் ஒருநாள், ‘ஏரி கோடி போயிற்று’ என்றால் என்ன பொருள் என்று வினவினேன். நாற்பது பிள்ளைகளுள் மூவரே விடையிறுத்தனர். மற்றவர்மேல் பிழையில்லை. ஏரி நிரம்பி வழிந்ததை அவர்கள் கண்டதில்லை. மதகு, மடை, கலங்கல், ஊற்றுக்கால் என்னும் சொற்கள் பொருளோடு சேர்ந்தே மறைகின்றன. பெயரறியாத ஒன்றை எவன் காப்பான்? ஆங்கிலவழிப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, ஊரின் நீர்நிலைகளை அவன் காப்பான் என்று நம்புவது பேதைமை.

ஆதலின் இவ்வறத்தொண்டு செய்ய வேண்டியவை மூன்று. திங்கள்தோறும் பிள்ளைகளை ஏரிக்கும் ஆற்றுக்கும் அழைத்துச் செல்லுங்கள். ஊர்க்கிணறுகளின் நீர்மட்டத்தை அளப்பித்து, நீரை ஆய்வகத்திற்கு அனுப்பி, முடிவைத் தமிழில் எழுதி ஊரவையில் படியுங்கள். முதியோரிடம் ஓடை, மரம், வயல் இவற்றின் பெயர்களைக் கேட்டு ஏட்டிலேற்றுங்கள். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. விடுமுறை நாளில் ஓர் ஆசிரியரும் ஓர் உழவரும் போதும்.

நஞ்சு இறங்கிய பின் வழக்கிட்ட தலைமுறை நாம். இறங்குமுன் கண்டறிந்து தடுக்கும் தலைமுறையை வளர்ப்போம்!

வாழ்க தமிழ்! மீள்க பாலாறு!