பிரஷர் சரி என்றால் ஆபத்தில்லையா?

கடும் மாரடைப்புக்குப் பின் சிலருடைய இதயம், உடலுக்குத் தேவையான இரத்தத்தை அனுப்ப முடியாமல் தளர்ந்துவிடும். மூளையும் சிறுநீரகமும் ஈரலும் இரத்தமின்றி வாடத் தொடங்கும். மருத்துவர்கள் இதை இதய அதிர்ச்சி நிலை என்பார்கள். 2012இல் வெளியான ஜேர்மன் ஆய்வொன்றில், பெரிய வைத்தியசாலைகளில் சிகிச்சை பெற்றும் இந்நோயாளிகளில் ஏறத்தாழ 40 வீதமானோர் ஒரு மாதத்துக்குள் இறந்தனர். இத்தகைய நோயை வேளைக்கே கண்டுபிடிக்க வேண்டும். பிரஷர் விழட்டும் என்று காத்திருந்தால் பிந்திவிடுவோம் என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

1999இல் வெளியான ‘ஷொக்’ ஆய்வு இதய அதிர்ச்சி நிலைக்கு ஓர் இலக்கணம் வகுத்தது. மேல் அழுத்தம் அரைமணி நேரமாவது 90க்குக் கீழே இருக்க வேண்டும், அல்லது அதைத் தாங்கிப்பிடிக்க மருந்து தேவைப்பட வேண்டும். கூடவே கைகால் குளிர்ந்திருக்க வேண்டும், அல்லது சிறுநீர் மணிக்கு 30 மில்லிலீற்றருக்குக் குறைய வேண்டும். ஆனால் அதே ஆய்வாளர்களின் நோயாளர் பதிவேடு வேறொன்றையும் காட்டியது. அழுத்தம் 90க்கு மேலே நின்றும் கைகால் குளிர்ந்து சிறுநீர் குறைந்தவர்களில் 43 வீதமானோர் வைத்தியசாலையிலேயே இறந்தனர். அழுத்தம் விழுந்தும் உறுப்புகளுக்கு இரத்தம் போய்க்கொண்டிருந்தவர்களிலோ 26 வீதமானோரே இறந்தனர். காரணம், தளர்ந்த இதயத்தை ஈடுசெய்ய உடல் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. மடையை அடைத்தால் வாய்க்காலில் நீர்மட்டம் நிற்கும், வயலோ காயும். அதனால்தான் 2019இல் வகுக்கப்பட்டு 2022இல் திருத்தப்பட்ட, இந்நிலையின் கடுமையைப் பிரிக்கும் ஐந்து படிநிலை முறை, உறுப்புகளுக்கு இரத்தம் போகிறதா என்பதை மையமாக வைக்கிறது. இரத்தத்தில் லக்டேற் லீற்றருக்கு 2 மில்லிமோலுக்கு மேல் ஏறுவது, போதிய இரத்தம் போகவில்லை என்பதற்கு ஒரு சான்று.

குளிர்ந்த கைகால் டெங்கிலும் இரத்தப்போக்கிலும் வருமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் மாத்தளை மாவட்டத்துக்கு அது இன்னும் பொருந்தும். 2008இல் இலங்கையில் 7,000 பேருக்கு மேல் எலிக்காய்ச்சல் சந்தேகத்தில் பதிவானபோது இம்மாவட்டமும் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. வயலில் இறங்குவோரைப் பிடிக்கும் அந்நோய் இதயத் தசையையும் தாக்கும். காரணத்தைத் தவறாகக் கணித்தால் சிகிச்சையே ஆபத்தாகலாம்: நீரிழந்தவருக்கு உயிர்கொடுக்கும் சேலைன், இதயம் தளர்ந்தவருக்கு நுரையீரலில் தேங்கி மூச்சை அடைக்கும். ஆகவே குளிர்ச்சி சந்தேகத்தை எழுப்பும் அறிகுறி மட்டுமே. கழுத்து நாளம் புடைத்திருக்கிறதா, நுரையீரலில் நீர்ச்சத்தம் கேட்கிறதா, ஈசீஜீ என்ன சொல்கிறது, எக்கோவில் இதயம் எப்படிச் சுருங்குகிறது என்பவையே காரணத்தைப் பிரித்துக் காட்டும்.

நம் மாவட்டத்தில் வஸ்கமுவ வனத்தை அண்டிய வில்கமுவவில் இத்தனை கருவிகளுக்கு எங்கே போவது என்பது அடுத்த கேள்வி. இதயத்துக்குள் குழாய் செலுத்தி அடைப்பை நீக்கும் வசதி கண்டி போன்ற இடங்களில்தான் உண்டு. அதனாலேயே முதல் சந்தேகம் இங்கேயே எழ வேண்டும். தோலைத் தொட்டுப் பார்க்கவும், சிறுநீரை அளக்கவும், பேச்சுத் தடுமாறுகிறதா என்று கவனிக்கவும், அரைமணிக்கொரு தடவை திரும்பப் பார்க்கவும் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. ஒரு தடவை பார்த்தால் ஏமாறலாம். அடுத்தடுத்துப் பார்க்கையில் நிலை சரிகிறதா என்பது தெரிந்துவிடும். இப்படிச் செய்தால் தேவையில்லாமலும் சிலர் கண்டிக்கு அனுப்பப்படுவார்கள், உண்மைதான். ஆனால் வீணான ஒரு பயணத்தை ஈடுசெய்யலாம், செயலிழந்த சிறுநீரகத்தை அவ்வளவு எளிதில் மீட்க முடியாது.

வீட்டாருக்கும் இதில் பங்குண்டு. நெஞ்சுவலியோடு ஒருவர் வியர்த்துக் குளிர்ந்துபோனால், பிரஷர் சரி என்று ஆறுதல் கொள்ளாமல் உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். வழக்கமான பிரஷர் எவ்வளவு, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். வழக்கமாக 160 இருப்பவருக்கு 100 என்பதே பெரும் வீழ்ச்சி. அதை மருத்துவருக்கு உங்களால்தான் சொல்ல முடியும்.