முயலும் பங்கும்

சொற்களின் வரலாற்றை ஆராயும்போது, எவ்வித உறவும் இல்லையென்று தோன்றும் இரு சொற்கள் ஓரிடத்தில் கைகோத்து நிற்பதைக் காண்பதுண்டு. ஆங்கிலத்தில் முயலைக் குறிக்கும் 'ஹேர்' என்னும் சொல்லும், பங்கைக் குறிக்கும் 'ஷேர்' என்னும் சொல்லும் அத்தகையவை. பிறப்பால் இவை வேறு வேறு. எனினும், ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு மருத்துவ ஏட்டில் இவற்றின் குடும்பங்கள் இணைந்து ஒரு சொல்லை ஈன்றிருக்கின்றன. அச்சொல்லை இன்று சிந்திப்போம்.

முதலில் முயலைக் காண்போம். ஏறத்தாழ 1100ஆம் ஆண்டு வரை வழங்கிய ஆங்கிலத்தைப் பழைய ஆங்கிலம் என்பர். அதில் முயலுக்கு 'ஹரா' என்று பெயர். சாம்பல் நிறத்தைக் குறித்த 'ஹசு' என்ற சொல்லுக்கு இது உறவாகும். ஜெர்மானியர் முயலை 'ஹாசெ' என்பர். வடமொழியில் முயல் 'சசம்' எனப்படும். இவையாவும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது மொழிநூலார் முடிபு. முயற்கறையை உடைய சந்திரனைச் 'சசி' என்றும் 'சசாங்கன்' என்றும் நாம் அழைக்கிறோம் அல்லவா? ஆங்கிலேயரின் முயல் நம் நிலவின் பெயருக்குள்ளும் ஒளிந்திருக்கிறது.

இனிப் பங்கைக் காண்போம். பழைய ஆங்கிலத்தில் 'ஷெயரு' என்ற சொல் வெட்டுதலையும், துறவியர் தலைமயிரை மழிப்பதையும், பிரிவையும் குறித்தது. நிலத்தை வெட்டிச் செல்லும் கொழுவுக்கு 'ஷெயர்' என்று பெயர். கத்தரியைக் குறிக்கும் 'ஷியர்ஸ்', உடைந்த ஓட்டைக் குறிக்கும் 'ஷார்டு' ஆகியனவும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஒன்றை வெட்டினாலன்றிப் பங்கு ஏது? தமிழிலும் 'பகு' என்னும் வினை பிளத்தலையும் பங்கிடுதலையும் ஒருங்கே குறிக்கிறது. 'கூறு' என்பதும் அத்தகையதே. பகிர்தல் என்னும் இனிய செயலின் பின்னே ஒரு கத்தி இருப்பதை இரு மொழிகளும் மறக்கவில்லை.

இவ்விரு குடும்பங்களும் இணைந்த சொல் 'ஹேர்ஷெயர்டு' என்பது. முயலைப் போன்ற வெட்டு என்பது அதன் பொருள். முயலின் மேலுதடு இயல்பாகவே நடுவில் பிளந்திருக்கும். அவ்வாறு பிளவுபட்ட உதட்டுடன் பிறந்தவரின் நிலையை இச்சொல் குறித்தது. பால்ட் என்பவரின் பெயரால் வழங்கும் மருத்துவ ஏட்டில் இதனைக் காண்கிறோம். 10ஆம் நூற்றாண்டில் எழுதப்பெற்ற அதன் படி லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ஒருவகைப் பிசினை நுண்ணிதாக அரைத்து, முட்டையின் வெண்கருவுடன் குழைத்து வைத்துக்கொண்டு, உதட்டின் ஓரங்களைக் கத்தியால் சீவிப் பட்டு நூலால் தைத்து, அம்மருந்தைப் பூசும்படி அவ்வேடு கூறுகிறது. மயக்கமருந்து அறியாத காலத்தில், பிளவைத் தீவினை என்று ஒதுக்காமல் தைத்து இணைக்க முற்பட்ட அம்மருத்துவரின் துணிவு போற்றத்தக்கது.

ஆனால் பொதுமக்களின் எண்ணம் வேறு வழியிற் சென்றது. கருவுற்ற பெண்ணின் எதிரே முயல் குறுக்கிட்டால் குழந்தைக்கு உதடு பிளக்கும் என்று இங்கிலாந்தில் அஞ்சினர். ஆடையின் விளிம்பைச் சிறிது கிழித்துவிட்டால் அத்தீங்கு விலகும் என்றும் நம்பினர். இதைக் கேட்டு நாம் நகைப்பதற்கில்லை. கிரகண காலத்தில் கருவுற்ற பெண் கத்தியையோ அரிவாள்மணையையோ தொட்டால் குழந்தையின் உதடு பிளவுபடும் என்னும் அச்சம் நம் நாட்டு இல்லங்களிலும் உண்டு. அங்கே முயலும் கிழிந்த ஆடையும். இங்கே முயலைத் தாங்கிய சந்திரனும் கத்தியும். இரண்டு இடங்களிலும் பழி தாயின்மீதே விழுகிறது.

உண்மை யாது? கருவின் நான்காவது வாரத்திற்கும் ஏழாவது வாரத்திற்கும் இடையில், முகத்தின் இரு புறத்திலிருந்தும் வளரும் பகுதிகள் நடுவில் கூடி மேலுதடாக அமைகின்றன. அவை முழுமையாகக் கூடாதபோது பிளவு எஞ்சுகிறது. எனவே அங்கு எதுவும் வெட்டப்படவில்லை. சேரவேண்டியது சேராமல் நின்றது, அவ்வளவே. மரபுக்கூறுகளும் புறக்காரணங்களும் கலந்து இது நிகழ்கிறது. முயலுக்கோ கிரகணத்துக்கோ இதில் பங்கில்லை. குழந்தை பிறந்த முதலாண்டிற்குள்ளேயே அறுவைச் சிகிச்சையால் உதட்டை இணைத்துவிட இன்று இயலும்.

இங்குதான் மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு தொடங்குகிறது. முயல் உதடு என்னும் ஆங்கிலப் பெயரை மருத்துவ உலகம் கைவிட்டு, உதட்டுப் பிளவு என்னும் பொருள்படும் பெயரையே இப்பொழுது வழங்குகிறது. பழைய நூல்களை மொழிபெயர்க்கையில் சொல்லுக்குச் சொல் வைத்து, 'முயல் உதடு' என்று நாம் எழுதிவிடலாம்; அகராதி அதற்கு இடங்கொடுக்கும். ஆனால் அச்சொல் நூலோடு நிற்பதில்லை. மருத்துவமனை அறிவிப்பிலும், பள்ளிக்கூடத் திண்ணையிலும் அது உலவும். ஒரு குழந்தையை விலங்கோடு ஒப்பிட்டுச் சிரிக்க மற்றக் குழந்தைகளுக்கு அதுவே கருவியாகும். 'உதட்டுப் பிளவு' என்றால் குறை என்னவென்று விளங்குகிறது. குழந்தையோ குழந்தையாகவே இருக்கிறது.

பழஞ்சொற்களை மறக்கவேண்டும் என்பது நம் கருத்தன்று. அவற்றின் வரலாறு அறிவுக்கு விருந்து. அவ்விருந்தை அகராதியில் பேணுவோம். ஆயினும், கைக்குழந்தையுடன் மருத்துவரின் எதிரே அமர்ந்திருக்கும் தாயிடம் பேசும்போது, வெட்டும் சொல்லை விலக்கி, அவள் துயரத்தில் பங்குகொள்ளும் சொல்லைத் தேர்ந்தெடுப்போம்.