நீச்சலும் கல்வியும்

(அண்ணாமலை நகரில் ஊராட்சி உறுப்பினர்களிடையேயும் உழவர்களிடையேயும் நிகழ்த்திய பேச்சு)



இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயத்தை அறிந்ததும் உங்களில் சிலர் புன்னகை செய்தீர்கள். விதை, எரு, வாய்க்கால், பாதை என்று பேச எத்தனையோ இருக்க, நீந்தியவர் விஞ்ஞானியான கதை உழவருக்கு எதற்கு என்று எண்ணியிருக்கலாம். நாம் கூடியிருக்கும் இடத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், மேற்கே வீராணம், கிழக்கே பிச்சாவரத்து உப்பங்கழியும் கடலும். இடையிலே வாய்க்கால்களும் குளங்களும் எத்தனை என்று கணக்கெடுத்தால்தான் தெரியும். நீச்சலைப் பற்றி இங்கே பேசாமல் வேறெங்கே பேசுவது?

முற்காலத்தில் நம் சிறுவர் சுரைக்குடுக்கையை முதுகிலே கட்டிக்கொண்டும், வாழை மரத்தைத் தழுவிக்கொண்டும் தாமாகவே நீந்தக் கற்றார்கள். இன்றோ பிள்ளைகள் பள்ளிக்கும் அங்கிருந்து தனிப்பாடத்துக்கும் போகிறார்கள். குளத்துப் பக்கம் போனால் அடி விழுகிறது. பெற்றோரின் அச்சம் இரண்டு வகை. ஒன்று, உயிருக்கு ஆபத்து. மற்றொன்று, படிப்புக் கெட்டுவிடும் என்பது. 'ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால்' என்று பழமொழியும் சொல்வார்கள். இரண்டாவது அச்சத்தை முதலில் எடுத்துக்கொள்வோம்.

நம் நாட்டவரான குற்றாலீசுவரனைப் பலர் மறந்திருக்கலாம். 1981-ம் ஆண்டில் ஈரோட்டில் பிறந்தவர். 1994-ம் ஆண்டில், பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பள்ளிச் சிறுவராக இருந்தபோதே, பாக் நீரிணையையும் ஆங்கிலக் கால்வாயையும் நீந்திக் கடந்தார். அந்த ஓராண்டுக்குள் அவர் கடந்த கடற்கால்கள் மொத்தம் ஆறு. அதற்கு முன் 1966-ம் ஆண்டில் ஒரே வருஷத்தில் ஐந்தைக் கடந்த பெருமை வங்காளத்து மிஹிர் சென்னுக்கு இருந்தது. சென் அப்போது முப்பத்தைந்து வயது வழக்கறிஞர். அவருடைய சாதனையை மிஞ்சியவர் மீசை அரும்பாத தமிழ்ப் பிள்ளை. இந்திய சர்க்கார் 1996-ம் ஆண்டுக்குரிய அர்ஜுனா விருதை அவருக்கு வழங்கிற்று.

அதன் பிறகு நடந்ததுதான் நாம் சிந்திக்க வேண்டியது. கடலில் நீந்துவதற்குத் துணைப் படகு வேண்டும், வழிகாட்டி வேண்டும், அயல்நாட்டுப் பயணச் செலவு வேண்டும். இவற்றைத் தொடர்ந்து தாங்குவதற்குப் போதிய ஆதரவு கிட்டவில்லை. அவர் பொறியியல் படித்தார்; அமெரிக்கா சென்று கணிப்பொறித் துறையில் பணி ஏற்றார். அவரை விஞ்ஞானி என்று சொல்வது மிகையாகும். பொறியாளர் என்பதே பொருத்தம். ஆனால் பல மணி நேரம் அலையோடு போராடிய பிள்ளைக்குப் படிப்பு வராது போகவில்லை என்பது மட்டும் தெளிவு. அவர் நீச்சலை விட நேர்ந்தது படிப்பினால் மட்டுமன்று, பணத்தினாலுமாகும். இந்தக் குறை நம்முடையது, அவருடையது அன்று.

நீச்சலிலிருந்து நேரே விஞ்ஞானத்துக்குச் சென்றவர் வேண்டுமானால், அமெரிக்க மாதரசி டாரா கிர்க்கைச் சொல்லலாம். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே நீந்தியவர். 2004-ம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தம் நாட்டின் தொடர் நீச்சல் அணியில் இடம்பெற்று வெள்ளிப் பதக்கம் அடைந்தவர். அடுத்த ஒலிம்பிக்குக்காக 2008-ம் ஆண்டில் நடந்த தேர்வில் நூறு மீட்டர் மார்பு நீச்சலில் முதல் இருவருக்கே இடம். இவர் மூன்றாவதாக வந்தார். இரண்டாமவருக்கும் இவருக்கும் இடையே இருந்தது ஒரு நொடியின் நூற்றில் ஒரு பங்கு! பின்னர் முதலில் வந்தவர் மருந்துச் சோதனையில் சிக்கி விலகினார். அப்போதும் அந்த இடம் இவருக்குக் கிடைக்கவில்லை. முறையிட்டும் பயனில்லை.

அவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரத்தில் ஆராய்ச்சி செய்து முனைவர் பட்டம் பெற்றார். கொள்ளை நோய் பரவும் காலத்தில் அதைவிட வேகமாகப் பொய்ச்செய்தி எப்படிப் பரவுகிறது என்பதே அவர் ஆராயும் பொருள். 2014-ம் ஆண்டில் எபோலா நோய்ப் பீதி எழுந்தபோது, டுவிட்டர் என்று அந்நாளில் வழங்கிய தளத்தில் வந்த செய்திகளை அவரும் உடன் ஆராய்ந்தோரும் பிரித்துப் பார்த்தார்கள். அந்நோயைப் பற்றியவற்றில் ஏறத்தாழ பத்தில் ஒன்று முழுப் பொய்யாகவோ பாதிப் பொய்யாகவோ இருந்தது. கொரோனா காலத்தில் தடுப்பூசியைப் பற்றி நம் ஊர்த் திண்ணைகளில் உலவிய வதந்திகளை நினைத்தால், இது ஏதோ சீமை விஷயம் என்று யாரும் தள்ளமாட்டீர்கள். அந்த வதந்திக்குப் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்தவர்களில் ஊராட்சி உறுப்பினர்களும் உண்டல்லவா?

விஞ்ஞானத்துக்கு அமெரிக்கா வரை போகவேண்டியதும் இல்லை. இங்கிருந்து கூப்பிடு தூரமில்லாவிட்டாலும், ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய பரங்கிப்பேட்டையில், பேராசிரியர் சேஷய்யா வளர்த்த அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. வெள்ளாற்று முகத்துவாரத்தின் நீரும் சேறும் இறாலும் மீன்குஞ்சும் அங்கே பாடம். நீருக்கு அஞ்சாத உழவர் வீட்டுப் பெண்ணுக்கும் மீனவர் வீட்டுப் பையனுக்கும் அந்தப் படகில் ஏறுவதற்குத் தடை என்ன?

இனி முதலாவது அச்சம், உயிரச்சம். அது நியாயமானது. உலகச் சுகாதார நிறுவனம் 2021-ம் ஆண்டில் உலகெங்கும் நீரில் மூழ்கி இறந்தவர் ஏறத்தாழ 3 லட்சம் பேர் என்று கணக்கிட்டுள்ளது. இவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நம்மைப் போன்ற, வருவாய் குறைந்த அல்லது நடுத்தர வருவாயுள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள். பிள்ளையைத் தண்ணீர்ப் பக்கம் விடாதிருப்பதே காப்பு என்று பெற்றோர் நினைக்கிறார்கள். என்றாவது ஒரு நாள் கால் இடறும்போது அந்தக் காப்பு உதவுவதில்லை.

வங்காள தேசத்தைப் பாருங்கள். அதுவும் நம்மைப் போல் குளத்து நாடு. அங்கே ஊர்க் குளத்துக்குள் மூங்கிலால் ஒரு மேடை கட்டினார்கள். மேடையின் தளம் நீருக்குள் இருக்கும். சுற்றிலும் கழி வேலி. குழந்தையின் கால் தரையில் பாவும். அந்த ஊரிலேயே ஒருவரைப் பழக்கி ஆசிரியராக்கினார்கள். நான்கு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகள் 25 மீட்டர் நீந்தவும், அரை நிமிஷம் மிதக்கவும், பிறரைக் காக்கவும் கற்றார்கள். கற்ற பிள்ளைகளிடையே மூழ்கிச் சாவது பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைந்தது என்று ஆய்வு கூறிற்று. பளிங்குத் தொட்டி கட்டவில்லை, மூங்கில்தான். நம் ஊரில் மூங்கிலுக்கா பஞ்சம்?

பிறரைக் காப்பது என்றோமே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. மூழ்கும் தம்பியைத் தூக்க அக்காள் குதிப்பதும், இருவரும் மடிவதும் செய்தித்தாளில் அடிக்கடி வாசிப்பது. நன்றாகப் பழகாதவர் குதிக்கவே கூடாது. கரையிலேயே நின்று கூவி ஆள் சேர்க்க வேண்டும். வேட்டியையோ புடவையையோ முறுக்கி வீச வேண்டும். நீண்ட கழியை நீட்ட வேண்டும். மூடி போட்ட காலிப் பிளாஸ்டிக் டப்பா கிடைத்தால் எறிய வேண்டும். ஒவ்வொரு குளக்கரையிலும் ஒரு கழியும் ஒரு கயிறும் தொங்குவதற்கு ஊராட்சிக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

வண்டல் எடுக்கும்போதும் கவனம் வேண்டும். ஏரியின் நடுவே கிணறு போல் குழி பறித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மழை வந்து நிறைந்தால் மேலே சமமாகத் தெரியும். உள்ளே இரண்டாள் ஆழம். படித்துறை அருகே அப்படி எடுக்க அனுமதிக்கக் கூடாது. எடுத்த இடத்தில் கொடி நட்டு வைக்க வேண்டும்.

எப்போது கற்பிப்பது என்று ஓர் உறுப்பினர் முன்னரே கேட்டார். கோடை விடுமுறை என்பது பட்டணத்து வழக்கம். சித்திரையில் நம் குளங்கள் பலவற்றில் சேறுதான் மிஞ்சும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம். தை அறுவடை முடிந்து, மாசி, பங்குனியில் நீர் பாதியாய்த் தெளிந்து அசையாமல் நிற்கும். பெற்றோருக்கும் வயல் வேலை குறையும். பெண் குழந்தைகளுக்குத் தனி நேரமும், கற்பிக்க ஒரு பெண்மணியும் வேண்டும். நீர்க்கரை ஊர்களில் நீந்தத் தெரிந்த மாதர் உண்டு, மதிப்பூதியம் கொடுத்து அழைத்தால் வருவார்கள். மேடைக்கு மூங்கில் வெட்டுவதை மார்கழிக் கூட்டத்திலேயே தீர்மானித்துவிட்டால், தை பிறந்ததும் கட்டத் தொடங்கலாம்.